டப்பாவிலிருந்து ஒரு வேளை: வாசகர் கேள்விகள், டயட்டீஷியன் பதில்கள்

காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக, மாவுச்சத்து குறைந்த புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடிக்கிறேன். மதியம் மட்டும் சாப்பாடு. முதல் வாரம் மூன்று கிலோ குறைந்தது. அடுத்த இரண்டு வாரங்களும் சேர்ந்தே ஒரு கிலோதான். பவுடர் வேலை செய்யவில்லையா? மதியச் சாப்பாட்டையும் நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். நீங்கள் கொண்டாடிய மூன்று கிலோவில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். சலித்துக்கொள்கிறீர்களே, அந்த ஒரு கிலோதான் நிஜமான கொழுப்பு.

கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் அரை கிலோ மாவுச்சத்து எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து வரவு குறைந்ததும் உடம்பு அந்தக் கையிருப்பில் கை வைக்கிறது, தண்ணீரும் கூடவே கிளம்பிவிடுகிறது. போதாததற்கு, இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியேற்றுகிறது. முதல் வாரத்தில் வரும் தலைவலிக்கும் கிறுகிறுப்புக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரே ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "இரண்டு கிலோ ஏறிப்போச்சு" என்று என்னிடம் பதறி வருபவர்கள் உண்டு. போன தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு கிலோ என்றால் தினமும் 550 கலோரி குறைத்திருக்கிறீர்கள். இதைப் போய்க் குறை சொல்கிறீர்களே!

மூன்று வேளையும் பவுடர் என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 800 கலோரியை ஒட்டி வந்து நிற்கும். அது டாக்டர் கண்காணிப்பில் மட்டும் செய்ய வேண்டியது. எடை மளமளவென்று இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. 1970களில் அமெரிக்காவில் 'திரவப் புரோட்டீன்' மோகம் ஒன்று வந்தது. தோல், எலும்பிலிருந்து எடுத்த கொலாஜன்தான் அதில் முக்கியச் சரக்கு. அதையே சாப்பாடாக்கிக் கொண்டவர்களில் சுமார் 60 பேர் இறந்துபோனார்கள், பலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகி. இன்றைய தரமான பவுடர்கள் அப்படி இல்லை. ஆனாலும் உங்கள் டப்பாவில் வைட்டமின், தாது உப்புகள் எல்லாம் இருக்கின்றனவா, அல்லது வெறும் புரோட்டீன் மட்டும்தானா என்று பாருங்கள். வெறும் புரோட்டீன் பவுடர் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாகாது.

எனக்குச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறேன். இந்த டயட்டால் சர்க்கரை நோயே போய்விடும் என்கிறார் நண்பர். ஆரம்பிக்கலாமா?

டாக்டரைப் பார்த்த பிறகு. அதற்கு முன்னால் ஒரு வேளைகூட வேண்டாம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாவுச்சத்து வராத நாளிலும் அது தன் வேலையைச் செய்யும். சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் போட்டுவிடலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்துதான். உப்பும் நீரும் வெளியேறுவதால் ரத்த அழுத்தமும் இறங்கும், எனவே அந்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோஅசிடோசிஸ் என்ற அபாயம் அவர்களுக்கு உண்டு.

நண்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம், நாளுக்குச் சுமார் 850 கலோரி, எல்லாமே பவுடர். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பவுடரின் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான்! பலன் தந்தது எடை குறைந்ததுதான். மாவுச்சத்தைக் குறைத்தால் சிலருக்குப் பசி அடங்குகிறது, அவர்களுக்கு அது நல்ல வழி. மற்றவர்கள் அதற்காக உயிரை விட வேண்டியதில்லை.

வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி வாடை வருகிறது என்று மனைவி சொல்கிறாள்.

சரியாகத்தான் சொல்கிறார். கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களில் ஒன்று அசிட்டோன், ரிமூவரில் இருப்பதும் அதுவே. நிறையத் தண்ணீர் குடியுங்கள். கூடவே வாந்தி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பவுடரை நிறுத்தினால் எடை திரும்பிவிடுமா?

மூன்று வேளையும் பழையபடி சாப்பிட்டால் திரும்பும். டப்பா காலியான மறுநாளே எல்லா வேளையும் சாப்பாட்டுக்குத் தாவுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சாப்பிட்டால் எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டும். பவுடரில் அந்த முடிவே கிடையாது, ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான். அளவை நாமே முடிவு செய்யும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அதனால் ஒவ்வொரு வேளையாகச் சில வாரங்களில் மாற்றுங்கள். முதலில் மாற்றும் வேளையில் முட்டை, மீன், பருப்பு போன்ற புரதத்தோடு காய்கறியும் நிறைய இருக்கட்டும். மாவுச்சத்தை அடுத்த வேளையை மாற்றும்போது கொஞ்சமாகச் சேருங்கள். இடுப்பளவை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள், தண்ணீர் விளையாட்டு அதில் அவ்வளவாகத் தெரியாது. அப்புறம், வேலை நெருக்கடியான நாட்களுக்கென்று ஒரு வேளைப் பவுடரை மட்டும் தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.