மழை, மணி, மூன்று சுரம்: பிளாக் சபாத்தின் முதல் எல்.பி. பற்றிக் கேள்வி பதில்

பிளாக் சபாத்தின் முதல் ரெக்கார்டு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கிறது, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். புதிதாக வருபவர்களுக்கு மட்டும் ஒரு வரி: பிளாக் சபாத் ஹெவி மெட்டல் குழு, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் ஆஸ்டன் என்கிற தொழிலாளர் பகுதிப் பையன்கள் நான்கு பேர், பாட்டு ஆஸி ஆஸ்போர்ன், கிட்டார் டோனி அயோமி, பேஸ் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட். குழுவின் பெயரிலேயே வந்த இந்த எல்.பி. இங்கிலாந்தில் வெர்டிகோ லேபிளில் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. என்னிடம் இதில் மூன்று பிரதிகள் இருக்கின்றன, மூன்றையும் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, மொத்த ஆல்பத்தையும் ஒரே நாளில் பதிவு செய்தார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1969 அக்டோபரில் லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவில், ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் வாசித்து முடித்துவிட்டார்கள். தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன், ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் ஆலம். அதற்கு முன்னால் கிளப் கிளப்பாகப் போய் இதே பாட்டுகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்தார்கள், ஆஸி தனியாக ஒரு தடுப்பறைக்குள் நின்று அவர்களோடு சேர்ந்தே பாடினார். சில இடங்களில் கிட்டார் சோலோவின் மேல் இன்னொரு சோலோ வாசித்துச் சேர்த்தார்கள், உதாரணமாக 'என்.ஐ.பி.' பாட்டில். நால்வருக்கும் அப்போது வயது 20, 21. முழுதாக ஒரு நாள் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது என்று அயோமி பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுநாள் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இந்த ரெக்கார்டை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணமே அந்த ஒரு நாள்தான். 'வார்னிங்' பாட்டில் பில் வார்ட் அயோமியைத் துரத்திக்கொண்டு போவதும், தாளம் கொஞ்சம் முன்னே ஓடுவதும், பிறகு இருவரும் சேர்ந்து மூச்சு வாங்குவதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்தப் பாட்டை இன்னொரு தடவை வாசித்துப் பார்க்க அயோமிக்கு ஆசை, நேரம் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதே நல்லது என்பேன்.

கேள்வி: அயோமிக்கு விரல் நுனி இல்லை என்று படித்தேன். அப்புறம் எப்படி வாசித்தார்?

அவர் இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துவது வலது கை. 17 வயதில் ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேலையை விட்டுவிட்டுக் குழுவோடு கச்சேரிப் பயணம் போகவிருந்த நிலையில், கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இனிமேல் கிட்டார் இல்லை என்று முடங்கிக் கிடந்தவருக்கு, வேலை செய்த இடத்து மேற்பார்வையாளர் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ரைன்ஹார்ட் தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகு, மீதி விரல்களால் சோலோ வாசித்தவர்.

அதன்பிறகு அயோமி செய்ததைக் கவனியுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூடான இரும்பால் துளை போட்டு, விரலில் பொருந்தும்வரை தேய்த்துத் தேய்த்துத் தொப்பி மாதிரி செய்தார். வெறும் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது, அதனால் பழைய ஜாக்கெட்டிலிருந்து தோல் வெட்டி மேலே ஒட்டினார். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டால் விரலுக்குக் கீழே தந்தி இருப்பதே தெரியாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனமான தந்தியை வளைக்க முடியவில்லை, மெல்லிய கிட்டார் தந்தி அப்போது கடைகளில் கிடைக்கவில்லை, பாஞ்சோ தந்திகளை வாங்கிப் போட்டார். இரண்டு மூன்று சுரங்களை மட்டும் பிடித்து, அதை நீளமாக ஒலிக்க விட்டு, பெரிதாக்கும் வாசிப்பு இங்கிருந்து வந்தது.

கேள்வி: தந்தியை எல்லாம் தளர்த்திச் சுருதி இறக்கி வாசித்ததால்தானே அந்தக் கனம்?

இந்த ரெக்கார்டில் கிடையாது. இது வழக்கமான சுருதிதான். சுருதியை மூன்று அரைப்படி இறக்கியது மூன்றாவது ஆல்பத்தில், 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', 1971. இந்த முதல் ஆல்பத்தில் கனம் வேறு வழியாக வருகிறது. பர்மிங்காமிலேயே தயாரான லேனி ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி), அதற்கு முன்னால் மேல்சுரங்களைத் தூக்கிக் கொடுக்கும் ரேஞ்ச்மாஸ்டர் பெட்டி, அப்புறம் ஒரு விபத்து. அயோமி அன்று ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனது வெள்ளை ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். 'விக்கட் வேர்ல்டு' பாட்டை அதில் வாசித்து முடித்ததும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் செத்துவிட்டது. உடனே சரிசெய்ய வழியில்லை, மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி.யை எடுத்தார். அதன் பி-90 பிக்கப்பில் வரும் தடித்த, சற்றுக் கரகரத்த ஒலிதான் மீதிப் பாட்டுகள் முழுக்க. அதற்குப் பிறகு உலகமே அவரை எஸ்.ஜி.யோடுதான் பார்க்கிறது.

கேள்வி: முதல் பாட்டில் வருவது தேவாலயம் தடைசெய்த "சாத்தான் சுரம்" என்கிறார்கள். கர்நாடக சங்கீதம் கற்றவன் நான், எனக்கு விளக்க முடியுமா?

உங்களுக்கு விளக்குவது சுலபம். ரிஃபில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில், இருப்பது மூன்றே சுரம்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். அவ்வளவுதான். தேவாலயம் சட்டம் போட்டுத் தடுத்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த இடைவெளி பழைய கோரஸ் பாட்டில் பாட இடைஞ்சலானது, அதனால் தவிர்த்தார்கள், பிற்காலத்தில் அதற்குப் பிசாசுப் பெயரும் வந்தது. நம் ஊரில் கல்யாணி பாடாத கச்சேரி உண்டா? அதே பிரதி மத்யமம், யாருக்கும் பயம் வருவதில்லையே! கல்யாணியில் அது பஞ்சமத்தை நோக்கிப் போய் இளைப்பாறுகிறது. அயோமி அதைப் போகவிடாமல், அங்கேயே நடுங்கவிட்டு நிறுத்துகிறார், வேகமும் அவ்வளவு மெதுவு. பயம் அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய 'மார்ஸ்' இசைத் துண்டை கீஸர் பேஸில் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்துதான் இது பிறந்தது.

உங்களுக்காக இன்னொன்று: 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' தொடக்கத்தில் டொய்ங் டொய்ங் என்று வருவதைக் கேளுங்கள். நம் மோர்சிங்கின் மேற்கத்திய உறவுக்கார வாத்தியம், வாசித்தது தயாரிப்பாளர் பெய்ன்.

கேள்வி: அட்டைப் படத்தில் நிற்கும் பெண் யார்? போட்டோ எடுக்கும்போது அங்கே யாருமே இல்லை, பிறகுதான் உருவம் தெரிந்தது என்கிறார்களே?

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் சம்பளத்துக்கு வந்த இளம் மாடல். ஐம்பது வருடம் அவர் யாரென்றே வெளியில் தெரியாமல் இருந்தது, 2020-இல் தெரிய வந்தது. இடம் ஆக்ஸ்ஃபோர்டுஷைரில் தேம்ஸ் கரையில் உள்ள மேபிள்டர்ஹம் தண்ணீர் ஆலை. எடுத்தவர் கீத் மேக்மில்லன், கீஃப் என்ற பெயரில் வெர்டிகோவுக்கு நிறைய அட்டைகள் செய்தவர். அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்ததால்தான் செடிகொடி எல்லாம் அந்த வாடிய இளஞ்சிவப்பு நிறத்துக்குப் போயிருக்கிறது. விடியற்காலைக் குளிரில் கறுப்பு அங்கியோடு நின்றிருக்கிறார் பாவம்.

அட்டையை விரித்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை, அதற்குள் ஒரு கவிதை. குழுவுக்குத் தெரியாமல் கம்பெனி செய்த வேலை இது. ரெக்கார்டு கைக்கு வந்த பிறகுதான் அவர்களே பார்த்தார்கள். அதற்குப் பிறகு சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்ற பேச்சு அவர்களை விடவே இல்லை. முதல் பாட்டைக் கூர்ந்து கேளுங்கள், கறுப்பு உருவத்தைப் பார்த்துப் பயந்து அலறுகிறவனின் பாட்டு அது. கீஸர் ஒரு ராத்திரி கட்டில் கால்மாட்டில் கறுப்பு உருவம் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னதுதான் அதற்கு வித்து.

கேள்வி: என் பிரதியில் 'ஈவில் வுமன்' இல்லை, 'விக்கட் வேர்ல்டு' இருக்கிறது. போலியா?

போலி இல்லை தம்பி, உங்களுடையது அமெரிக்கப் பதிப்பு, வார்னர் பிரதர்ஸ். 'ஈவில் வுமன்' க்ரோ என்கிற அமெரிக்கக் குழுவின் பாட்டு, இங்கிலாந்தில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, விற்க வேண்டும் என்று கம்பெனி பாடவைத்தது, 1970 ஜனவரியில் வந்தது, ஓடவில்லை. அமெரிக்காவில் க்ரோவின் அசலே அப்போதுதான் ஓடியிருந்தது, அதனால் அங்கே அதை எடுத்துவிட்டு அந்த சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த 'விக்கட் வேர்ல்டை' வைத்தார்கள். என்னைக் கேட்டால் அமெரிக்கர்களுக்குத்தான் நல்ல பாட்டு கிடைத்தது. லேபிளில் 'வாஸ்ப்', 'பேஸிக்கலி' என்று கூடுதல் தலைப்புகள் இருப்பதைப் பார்த்தும் குழம்பாதீர்கள், பாட்டுகளின் முன்னிசைத் துண்டுகளுக்குத் தனிப்பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: அசல் இங்கிலாந்து முதல் பிரஸ்ஸிங் (முதல் தடவை அச்சடித்த தட்டு) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண் விஓ 6, விரியும் அட்டை, ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழல் லேபிள். சுழல் பெரிதாக இருக்கும் பக்கத்தில் பாட்டுப் பட்டியலே இருக்காது, இரண்டு பக்கத்துப் பாட்டுகளும் மறுபக்க லேபிளில் இருக்கும். டர்ன்டேபிள் சுற்றும்போது அந்தச் சுழலுக்குள் கண் இழுத்துக்கொண்டு போகும். ஓவியர் ராஜர் டீன் வரைந்த விண்கலம் லேபிளில் இருந்தால் அது 1973-க்குப் பிந்திய வெர்டிகோ. பாட்டு ஒன்றும் குறைந்துவிடாது, விலைதான் வேறு.

நான் ஏமாந்ததைச் சொல்கிறேன். சுழல் லேபிள் பிரதி, "புத்தம் புதிது மாதிரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். வாங்கினேன். முதல் பக்கம் ஆரம்பத்தில் மழை, தூரத்து மணி (இவை ஒலி நூலகத்திலிருந்து பின்னால் சேர்த்தவை), முப்பது விநாடிக்கு மேல் அவ்வளவுதான். கீறல் சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்துவிடும், எது எது என்று தெரியவே தெரியாது. சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கம் திருப்பி 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' வந்ததும், அந்த மெல்லிய கிட்டாருக்குப் பின்னால் பொரிகடலை வறுக்கிற சத்தம். அதனால் சொல்கிறேன், இந்த ரெக்கார்டை வாங்குவதற்கு முன் மழையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், இரண்டாம் பக்கத்தில் அந்த மோர்சிங் இடத்தில் ஊசியை வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 'வார்னிங்' கடைசியில் கிட்டார் கிழிகிறது. ரெக்கார்டு தேய்ந்துவிட்டதா, இல்லை என் ஊசியா?

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். 33⅓ சுற்று வேகத்தில் ரெக்கார்டின் வெளி விளிம்பில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசிக்கடியில் ஓடுகிறது, லேபிளுக்கு அருகில் வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதவேண்டியிருக்கிறது, கூர்மையான மேல்சுரங்கள்தான் முதலில் அடிவாங்கும். 'வார்னிங்' பத்து நிமிடத்துக்கு மேல், அதிலும் அயோமியின் சோலோ அந்த உள்வட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. வாசித்தது இன்னும் நீளம், வெட்டித்தான் இந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தை அளவுத்தாள் வைத்துச் சரிபாருங்கள், ஊசி எடையைக் கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன அளவின் மேல் பக்கமாக வையுங்கள். கூம்பு ஊசியாக இருந்தால் நீள்வட்ட ஊசிக்கு மாறுங்கள், பாதிக் கிழிசல் போய்விடும். அப்புறமும் இருந்தால் முந்தைய சொந்தக்காரர் தேய்ந்த ஊசியால் உழுதிருக்கிறார், அதற்கு மருந்தில்லை.

கேள்வி: வெளிவந்தபோது விமர்சகர்கள் திட்டினார்களாமே?

திட்டினார்கள். 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பாங்ஸ் கிழித்து எழுதினார். மக்கள் வாங்கினார்கள், இங்கிலாந்தில் 8-ஆவது இடம், அமெரிக்காவில் 23. அந்தப் பொறியாளர் டாம் ஆலம் பத்து வருடம் கழித்து ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்கிற இன்னொரு மெட்டல் குழுவின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பத்தைத் தயாரித்தார், ஸ்பூன், கத்தி நிறைந்த தட்டைக் குலுக்கி இரும்பு மனிதர்களின் காலடி ஓசை எடுத்தது அதில்தான். அதற்கு ஒரு நாள் தனியாக உட்காரலாம்.

கேள்வி: ஆஸி இறந்த பிறகுதான் நான் இவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். கடைசிக் கச்சேரியில் இந்த ஆல்பத்துப் பாட்டு எதையாவது வாசித்தார்களா?

வாசித்தார்கள், 'என்.ஐ.பி.'. 2025 ஜூலை 5, அவர்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே வில்லா பார்க் மைதானம், அசல் நால்வரும் இருபது வருடம் கழித்து ஒரே மேடையில். ஆஸியால் நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழு நாளில், ஜூலை 22 அன்று போய்விட்டார். எனக்கு அந்தச் செய்தி வந்த இரவு இந்த ரெக்கார்டைத்தான் போட்டேன், 'என்.ஐ.பி.' முதல் பக்கம் கடைசிப் பாட்டு, கீஸரின் வா-வா பெடல் போட்ட பேஸ் தனியாக ஊர்ந்து வரும். இருபது வயசுக் குரல். நீங்கள் தாமதமாக வந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம் தங்கச்சி, அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

கேள்வி: கடற்கரை ஊர், ரெக்கார்டில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்ய?

வாலை வடிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மிருதுவான பிரஷால் பள்ளம் போகும் திசையிலேயே தேய்த்து, லேபிள் நனையாமல் பார்த்து, மறுபடி வெறும் வடிநீரில் அலசி நிழலில் காயவையுங்கள். பழைய 78 சுற்று அரக்குத் தட்டுகளுக்கு மட்டும் ஆல்கஹால் கூடவே கூடாது, கரைந்துவிடும். பூஞ்சை பிடித்த உள்ளுறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது உறை போடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். சுழல் படம் அச்சடித்த அசல் வெர்டிகோ உள்ளுறையாக இருந்தால் மட்டும் எறியாதீர்கள், நன்றாக வெயில் காட்டித் தனியாக எடுத்து வையுங்கள்.