பித்தப்பைக் கல்: ஜூஸ் குடித்தால் வெளியே வந்துவிடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. கடந்த மூன்று மாதங்களில் இரண்டு முறை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிற்றில் கடுமையான வலி வந்தது. வாயு என்று நினைத்து விட்டுவிட்டோம். ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் பல கற்கள் இருப்பது தெரிந்தது. பெரியது 9 மி.மீ. பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். சொந்தக்காரர் ஒருவரோ, சில நாள் ஆப்பிள் ஜூஸ் குடித்துவிட்டு, கடைசி நாள் இரவு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் கல் வந்துவிடும் என்கிறார். வாழைத்தண்டுச் சாறும் கொடுக்கச் சொல்கிறார்கள். முதலில் இவற்றைச் செய்து பார்க்கலாமா?

பதில்: ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள 9 மி.மீ.யை விட, அம்மாவுக்கு வந்த இரண்டு வலிகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பித்தப்பையில் கல் உள்ள பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது கண்ணில் படும். வலியே இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஆபரேஷன் தேவையில்லை. 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், சுண்ணாம்பு படிந்த பித்தப்பைச் சுவர், கல்லுடன் சேர்ந்த பாலிப் (உட்சுவரில் வளரும் சதை) போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வலி வந்துவிட்டவர்களின் கதை வேறு. அவர்களுக்கு அது திரும்ப வர வாய்ப்பு அதிகம். அடுத்த முறை வெறும் வலியோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

இப்போது அந்த ஆலிவ் எண்ணெய் வைத்தியம். அதைச் செய்தவர்கள் மறுநாள் மலத்தில் பச்சை நிற உருண்டைகள் வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உருண்டைகள் வருவது உண்மைதான். நியூசிலாந்தில் ஒரு பெண் இப்படி வந்தவற்றைப் பத்திரப்படுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அங்கே சோதித்தார்கள். 40 டிகிரி சூட்டில் வைத்ததும் அவை உருகி எண்ணெயாகிவிட்டன. கொலஸ்ட்ராலும் இல்லை, பித்த நிறமியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடலுக்குள் சேர்ந்து உண்டாக்கிய சோப்பு உருண்டைகள் அவை! அவருடைய நிஜமான கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன. பிறகு ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது.

அது போகட்டும், கல் உண்மையிலேயே நகர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படி நகர்வது நல்லதா? கல்லீரலிலிருந்து வரும் பொதுப் பித்தநாளத்தின் அகலமே சாதாரணமாக 6 மி.மீ. அளவுதான். பித்தப்பையிலிருந்து அதில் வந்து சேரும் குழாய் இன்னும் குறுகல். கல் அங்கே போய்ச் சிக்கினால் மஞ்சள் காமாலை வரும், சீழ்த்தொற்று வரும், கணையம் வீங்கும். கணைய அழற்சி உயிருக்கே ஆபத்தாகலாம். அதைக் கிளப்பிவிடுவதில் பெரிய கற்களைவிடச் சின்னக் கற்களே கில்லாடிகள். எண்ணெயை ஒரேயடியாகக் குடிப்பது பித்தப்பையை இறுக்கமாகச் சுருங்க வைக்கும். வலியை விலை கொடுத்து வாங்குகிற வேலை அது.

வாழைத்தண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது சிறுநீரகக் கல்லுக்காக நம் வீடுகளில் சொல்லப்படுவது. சிறுநீர்ப் பாதை வேறு, பித்தப் பாதை வேறு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பித்தப்பை வழியாக அது ஓடாது. பொரியலாகச் செய்து சாப்பிடட்டும், நல்ல காய்.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது கீழாநெல்லி. கண் மஞ்சளானதும் பலர் அதை அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். பெயர் மூலிகைக்குப் போய்விடும். கல் அடைத்து வரும் காமாலையில் அந்தக் காத்திருப்பே ஆபத்து. ஆகவே கண் மஞ்சளானாலும், சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், வலி ஐந்து மணி நேரத்தைத் தாண்டினாலும், வாந்தி நிற்காவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வேர்வையோடு நெஞ்சை அடைப்பது போல் வலித்தால் ஈ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். இந்த வயதில் மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரக்கூடும்.

சரி, மாத்திரையில் கரைக்க முடியாதா? உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. சுண்ணாம்பு சேராத, சின்ன கொலஸ்ட்ரால் கற்களை மட்டுமே அது கரைக்கும். மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு ஆண்டு வரை சாப்பிட வேண்டும். கரைந்தவர்களிலும் சுமார் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளில் கல் மறுபடி வந்துவிடுகிறது. தென்னிந்தியாவில் பித்த நிறமியால் உண்டாகும் நிறமிக் கற்கள் அதிகம். அவற்றிடம் இந்த மருந்து பலிக்காது. ஆபரேஷன் தாங்க முடியாத உடல்நிலையில் இருப்பவர்களுக்குத்தான் நான் இதை யோசிப்பேன்.

கல்லை மட்டும் எடுக்காமல் பையையே எடுப்பதும் இதனால்தான்: பையை விட்டுவைத்தால் கல் திரும்பவும் உருவாகும். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. பை போனபின் பித்தம் நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகலாம். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி முறை இந்தியாவுக்கு 1990-லேயே வந்துவிட்டது. இப்போது பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். நூற்றுக்கு நூறு ஆபத்தில்லாத ஆபரேஷன் என்று எதுவும் கிடையாது, பித்தநாளத்தில் காயம் படுவது அரிதாக நடக்கிறது. அதனால் இதை அடிக்கடி செய்யும் சர்ஜனிடம் போங்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது எளிது. வடை, பஜ்ஜி, பரோட்டா, ஆட்டுக்கறி, நெய் மிதக்கும் பிரியாணி எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். இரவுச் சாப்பாடு கொஞ்சமாக இருக்கட்டும். ஆனால் பட்டினி கிடந்து எடையை மளமளவென்று குறைக்கக் கூடாது. அதுவே புதுக் கற்களை உண்டாக்கும்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதா? ஸ்கேனில் பித்தநாளம் விரிந்திருக்கிறதா? இவற்றில் சந்தேகம் இருந்தால் முதலில் பித்தநாளத்தைத் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். நாளத்தில் கல் இருந்தால் பெரும்பாலும் எண்டோஸ்கோபி வழியாக அதை எடுத்துவிட்டு, பிறகு பித்தப்பைக்கு வருவார்கள். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் முதல் தடவை பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். நீங்களாக அதை நிறுத்த வேண்டாம்.