மாரி வருமுன் காணி உறுதியை எங்கே வைப்பது?

கேள்வி: நிலாவெளியில் வசிக்கிறோம். 2004 சுனாமியில் வீட்டோடு பத்திரங்களும் போயின. பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுக்கவே மாதக்கணக்கில் அலைந்தோம். இப்போது கணவர் பெயரில் வீட்டுக் காணி உறுதியும், மாமி பெயரில் தம்பலகாமத்து வயலுக்கான அனுமதிப்பத்திரமும் இருக்கின்றன. நெருப்பும் தண்ணீரும் தாக்காத பெட்டி என்று ஒருவர் கொண்டுவந்து விற்கிறார், விலை அதிகம். இன்னொருவர் எல்லாவற்றையும் லமினேட் செய்து தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: பெட்டி வாங்க வேண்டாம், சகோதரி. லமினேட் செய்யவே வேண்டாம்.

பெட்டி பாரமானது. அலுமாரியின் அடித்தட்டில்தான் அதை வைப்பீர்கள். ஓடுகிற நேரத்தில் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மாமி. பெட்டியை யார் தூக்குவது? லமினேட் விஷயம் அதைவிட மோசம். பழைய தாளைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டால் பிறகு உரிக்க முடியாது. முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது. பின்பக்கத்தில் குறிப்பு எழுதவும் முடியாது. அப்படி மினுங்கிக்கொண்டு வந்த உறுதிகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. கொண்டுவந்தவர்கள் பெருமையோடு வந்தார்கள், அழுதுகொண்டு போனார்கள்.

முதலில் உங்கள் பயத்தைக் குறைத்துவிடுகிறேன். உறுதித் தாள் போனால் காணி போய்விடாது. உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு அதை முடிக்கும்போது ஒரு பிரதி அவருடைய கோப்புக் கட்டுக்குள் இருக்கும், ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகும், ஒன்றுதான் உங்கள் கைக்கு வரும். கைப்பிரதி தொலைந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் எதைத் தேடுவது என்று அங்குள்ளவருக்குத் தெரியவேண்டுமே. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவகம் உறுதியில் குறித்துவிட்ட தொகுதி பக்க இலக்கம் ஆகிய நான்கையும் சொல்பவரின் வேலை ஓடும். "அப்பா வாங்கின காணி, எழுபதுகளில் இருக்கலாம்" என்று சொல்பவர் வாங்கில் உட்கார்ந்திருப்பார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் இதே கதைதான்: பதிவு இலக்கமும் திகதியும் பதிவுப் பிரிவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் அலைந்ததும் அநேகமாக அது தெரியாததால்தான்.

ஆகவே இன்றிரவே ஒரு தாளில் எல்லா இலக்கங்களையும் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மைப்பேனா எழுத்து நனைந்தால் ஓடிவிடும், பென்சில் எழுத்து ஓடாது. மூன்று தாள் எழுதி, ஒன்றைத் தூரத்து உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அதே ஒழுங்கையில் இருக்கும் அண்ணன் வீட்டில் வேண்டாம். இங்கே வருகிற தண்ணீர்தான் அங்கேயும் வரும். கைப்பேசியில் படம் எடுத்து வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்பலாம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அசல்களை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, தோளில் மாட்டும் பை ஒன்றில் வைத்து, கதவருகே ஆணியில் உயரமாகத் தொங்கவிடுங்கள். புயல் என்றால் ஒரு நாள் முன்னதாகவாவது சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவிலிருந்து அலை இங்கே வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. சொல்வதற்குத்தான் ஆள் இருக்கவில்லை. இப்போது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கம் இருக்கிறது. அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

மாமியின் வயல் விஷயம் வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அனுமதிப்பத்திரம் உறுதி அல்ல. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுத்தது. அதற்கு நொத்தாரிசும் இல்லை, அவருடைய கோப்புக் கட்டுக்குள் பிரதியும் இல்லை. அதன் விவரம் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் இருக்கிறது. தாள் தொலைந்தால் அங்கேதான் போகவேண்டும். அதுவும் வயல் இருக்கும் பிரதேசத்தின் செயலகத்துக்கு. நிலாவெளியில் வசிப்பதால் இங்குள்ள செயலகத்துக்குப் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

இன்னொன்று, இதுதான் பெரியது: மாமி பின்னுரித்தாளர் ஒருவரை, அதாவது தனக்குப் பிறகு வயல் யாருக்கு என்று, நியமித்திருக்கிறாரா? நியமித்தால் போதாது, அவர் உயிரோடிருக்கும்போதே அது பதிவாகவும் வேண்டும். பதியாத நியமனம் அவருக்குப் பிறகு செல்லாது. பிள்ளைகளுக்குள் வழக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெட்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஓர் ஆட்டோ பிடித்து, மழைக்கு முன்னமே மாமியைத் தம்பலகாமத்துக்கு அழைத்துப் போய், பேரேட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

போகும்போது அலுவலக வாசலில் ஒருவர் கட்டாயம் நிற்பார். "படிவம் இருக்கிறது, உள்ளே ஆள் தெரியும்" என்பார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் படிவம் உள்ளே இலவசம். வெள்ளம் வடிந்ததும் இதே ஆட்கள் வீட்டுத் திட்டம், நட்டஈடு என்று அசல் உறுதி கேட்டு வருவார்கள். அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் மாமியின் கையொப்பத்தையோ பெருவிரல் அடையாளத்தையோ கேட்டால் கதவைச் சாத்துங்கள். பெயர் எழுதிய படிவம் என்று நினைத்து அற்றோணித் தத்துவத்தில், அதாவது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், ஒப்பமிட்ட கிழவி ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய காணியில் இப்போது வேறொருவரின் மதில் நிற்கிறது.

இந்த ஆட்கள் பிழைப்பதற்குக் காரணம் அவர்களுடைய சாமர்த்தியம் அல்ல. வீடே அள்ளுண்டு போனவரிடம் அடையாள அட்டை கேட்பார்கள். அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாடும் விதானையாரின் (கிராம அலுவலரின்) ஒப்பமும் கேட்பார்கள். விதானையாரோ முகாமில் சோற்றுப் பார்சல் எண்ணிக்கொண்டிருப்பார். இத்தனை மாரி கண்ட பிறகும் இந்த வட்டத்தை வெட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பத்திரம் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், அயன் பண்ணாதீர்கள். ஒட்டிய தாள்களைப் பிரித்திழுக்காமல் நிழலில் காற்றாட வையுங்கள்.

வங்கியில் நகை அடகிருந்தால் சிட்டை இலக்கத்தையும் அந்தத் தாளில் சேருங்கள். மாமியின் கிளினிக் கொப்பி மட்டும் எப்போதும் பையின் மேலாகவே இருக்கட்டும். முகாமுக்கு வரும் டொக்டர் உறுதியைக் கேட்கமாட்டார், எந்தக் குளிசை என்றுதான் கேட்பார்.