ஸ்பிரிங் ஏர் ரைபிள் சுடும்போது ‘டொய்ங்’ என்று அதிர்கிறது. எப்படிச் சரிசெய்வது?

கன்னத்தில் வந்து இறங்கும் அந்த அதிர்வு பெரும்பாலும் ஸ்பிரிங்கால் வருவதுதான். ஸ்பிரிங்குக்கும் அதன் உள்ளே நிற்கும் கைடு தண்டுக்கும் இடைவெளி இருந்தால், ஸ்பிரிங் விரியும்போது நெளிந்து நடுங்கும்.

கழற்றுவதற்கு முன் ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் கட்டை) ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள். சிலருக்குச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம், குழல் மடங்கும் இடத்தில் டிஷ்யூ தாள் துண்டு ஒன்றை வைத்து, பெல்லட் (சிறு குண்டு) போட்டுப் பாதுகாப்பான திசையில் சுடுங்கள். தாள் துள்ளினால் காற்று கசிகிறது. அங்கே காற்றை அடைக்கும் சீலை மாற்றுங்கள்.

கைடை மாற்ற உள்ளே போக வேண்டுமென்றால், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து மெல்லத் தளர்த்தும் ஸ்பிரிங் கம்ப்ரசர் கட்டாயம். நாண் ஏற்றாத, அதாவது சுடத் தயார் செய்யாத துப்பாக்கியிலும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். பின்மூடியைக் கையால் கழற்றினால் முகத்தில் பாயும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

புதிய கைடு, கட்டைவிரலால் அழுத்தினால்தான் ஸ்பிரிங்குக்குள் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல் பிசுபிசுப்பான கெட்டி கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். அதிகமானால் வேகம் குறையும். ஸ்பிரிங் தள்ளும்போது காற்றை அழுத்தும் பிஸ்டனின் பக்கங்களுக்கு மாலிப்டினம் பேஸ்ட். பிஸ்டன் சீலுக்கு முன்னால் மட்டும் எண்ணெய் விடவே கூடாது. அழுத்தத்தின் சூட்டில் அது டீசல் இன்ஜின் போலப் பற்றிப் புகையும். சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

பலமான ஸ்பிரிங் போடுவது இதற்குத் தீர்வில்லை. உதையும் அதிர்வும்தான் கூடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாத ஏர் ரைபிளின் ஆற்றலுக்கு வரம்பே 12 அடி-பவுண்டு, ஏறத்தாழ 16 ஜூல். 10 மீட்டரில் டப்பா சுட அதைவிடக் குறைவே தாராளம்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள். மெத்தைபோல் தாங்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் நேராக முன்சுவரில் போய் மோதும்.