கார்டியன் சான்றிதழுக்கு எந்த வக்கீலைப் பார்ப்பது?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, மனவளர்ச்சி குன்றியவன். கணவர் போன வருடம் காலமானார். அவர் வங்கியில் போட்டிருந்த பணத்தில் மகனுடைய பங்கை வாங்க கார்டியன் சான்றிதழ் கேட்கிறார்கள். பாரிமுனையில் ஒரு வக்கீல் 40,000 ரூபாயும், வருகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கும் கேட்கிறார். மகனின் அசல் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்திருக்கிறேன். வேறு நல்ல வக்கீல் எப்படிக் கிடைப்பார்?
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். இந்தச் சான்றிதழுக்கு வக்கீலே தேவையில்லை.

வங்கி கேட்பது நியாயம்தான். பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால், பெற்ற தாயாக இருந்தாலும் அவன் சார்பில் கையெழுத்துப் போட தனியாக நியமனம் வேண்டும். ஆனால் அறிவுசார் குறைபாடு (மனவளர்ச்சி குன்றியது என்று நீங்கள் சொல்வது), ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு நேர்வழி வைத்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமல், மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை, அதாவது கார்டியனை, நியமிக்கும். திருவொற்றியூர் 2018லேயே சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. அதனால் திருவள்ளூருக்கு அலைய வேண்டாம். உங்களுக்கு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைதான் ஆட்சியர் அலுவலகம். விண்ணப்ப விவரத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மகனின் மாற்றுத்திறனாளி சான்று, இருவரின் ஆதார், வயதுச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, புகைப்படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சான்றில் மனநோய் என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வழி பொருந்தாது.

நியமனம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் தர வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள்.

பின்னால் சொத்தில் உறவினர்கள் தகராறு செய்தால் வக்கீல் வேண்டியிருக்கும். அப்போதும் முதலில் இலவச சட்ட உதவியைக் கேளுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதில் வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். நீங்களே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டால், ஃபீஸ் எவ்வளவு, எதுவரைக்கும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, கொடுக்கும் பணத்துக்கெல்லாம் ரசீது கேளுங்கள். வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் கோர்ட்டில் அவர்மீது வழக்குப் போட முடியாது, வக்கீல்களின் நடத்தையைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலில்தான் புகார் தர வேண்டும். வருகிற பணத்தில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். ஒரு தாயிடம், அதுவும் அந்தப் பிள்ளையின் பணத்திலிருந்து கேட்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இந்த வாரமே போய் அசல் சான்றிதழ்களை வாங்கிவிடுங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி ஒரு வக்கீல் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000லேயே தீர்ப்பளித்திருக்கிறது. தர மறுத்தால் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, அதன் நகலோடு பார் கவுன்சிலுக்குப் போங்கள். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.