பழைய பிஎம்டபிள்யூ இசட்4 காரில் பி0171, பி0174 என்று எரர் கோடு (பழுதுக் குறியீடு) வருகிறது. பெட்ரோல்தான் காரணமா? 95 ஆக்டேன் போட்டால் சரியாகுமா?

95 போட்டால் சரியாகாது (ஆக்டேன் என்பது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜின் தட்டாமல் தாங்கும் அளவு). 100 போட்டால் செக் இன்ஜின் விளக்கு அணைந்தாலும் அணையலாம், ஆனால் வண்டி சரியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இது: 2004 மாடல், 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர், கொச்சியில் செகண்ட் ஹேண்டில் வாங்கி பாலக்காடு சித்தூரில் வைத்திருக்கிறீர்கள். பொள்ளாச்சியில் பெட்ரோல் போட ஆரம்பித்த பிறகு செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில், புகையை அளந்து கலவையைச் சொல்லும் இரண்டு ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

முதலில் பொள்ளாச்சி மேல் இருக்கும் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் விலை குறைவு என்று நம் பக்கத்தில் பலரும் அங்கேதான் டேங்கை நிரப்புகிறோம். கூடவே "தமிழ்நாட்டுப் பெட்ரோல் மட்டம்" என்ற பேச்சும் ஓயாது. கொச்சி அம்பலமுகள் ரிஃபைனரியிலிருந்து நம் பாலக்காடு வழியாகத்தான் இருகூருக்கும் கரூருக்கும் பைப்லைன் போகிறது. அந்தப் பக்கம் விற்பதிலும் கொச்சிச் சரக்கு இருக்கிறது. 20 சதவீத எத்தனாலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அப்புறம் கோடு. பி0171 என்றால் முதல் பேங்கில் (1 முதல் 3 வரை உள்ள சிலிண்டர்கள்) காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0174 இரண்டாவது பேங்கில் அதே கதை. கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் கோடு சொல்லும், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. இரண்டு பேங்கும் ஒரே நேரத்தில் புகார் செய்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். இரண்டு சென்சாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் சாகாது.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி (காரின் கோடுகளைப் படிப்பது) ஒன்றை வாங்கி, ஃபோனில் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் பாருங்கள். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதை இது காட்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தி ஒரு முறை. ஐடிலில் 15, 20 என்று ஏறியிருந்து 2500-இல் இறங்கினால் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. மாறாக, வேகமும் லோடும் கூடக்கூட எண் ஏறினால் ஃப்யூல் பம்ப், ஃபில்டர், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் பாருங்கள்.

உங்கள் எம்54 இன்ஜினில் நான் முதலில் கை வைப்பது ஏர் ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (காற்றைத் திறந்து மூடும் வால்வு) நடுவில் இருக்கும் ரப்பர் குழாய். இருபது வருஷச் சூட்டில் அது காய்ந்து, மடிப்புகளின் அடிப்பக்கம் வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் புதுசு போலத்தான் தெரியும். கொழிஞ்சாம்பாறையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் டார்ச்சைக் கீழிருந்து அடித்து, மடிப்பைக் கட்டைவிரலால் விரித்துக் காட்டினார். விரலை எடுத்ததும் வெடிப்பு மூடிக்கொண்டது. "சென்சாரு சரியாத்தானுங்க சொல்லுது, அதைய எதுக்கு மாத்தோணும்?" என்றார். அங்கே ஒன்றும் இல்லையென்றால், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் கிராங்க்கேஸ் வென்டிலேஷன் வால்வு. ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கும்போது உள்ளே பலமாக இழுத்தால் அதைச் சந்தேகப்படலாம். கண்ணுக்குச் சிக்காததை, குழாய்க்குள் புகையை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்ரோலுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஆக்டேன் வழியாக இல்லை, எத்தனால் வழியாக. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20-க்கு அது சுமார் 13.5. அதனால் உங்கள் கார் அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதலாக ஊற்றியே ஆக வேண்டும். அந்தக் கூடுதலை மட்டும் இசியூ சத்தமில்லாமல் சமாளித்துவிடும். அதன் மேல் சின்ன ரப்பர் வெடிப்பும் சேர்ந்தால்தான் எல்லை தாண்டி விளக்கு எரிகிறது. எத்தனால் இல்லை என்று சொல்லி விற்கும் 100 ஆக்டேனில் விளக்கு அணையக்கூடும் என்றதும் இதனால்தான், வெடிப்பு அப்படியேதான் இருக்கும். சாதாரண பெட்ரோலைவிட லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடக் கொடுத்து அதை மறைக்க வேண்டுமா? 95 ஆக்டேன் பிரீமியத்திலோ எத்தனால் இருக்கவே செய்கிறது.

ஆக்டேன் பற்றி ஒன்று. அமெரிக்கக் கையேட்டைப் படித்துவிட்டு "91 போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பெட்ரோல் பங்கில் எழுதும் 91 வேறு கணக்கு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 95 அல்லது 96. பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். எப்படியும் இ20 வந்த பிறகு சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேனுக்கு வந்துவிட்டதாக பெட்ரோலியம் அமைச்சகம் சொல்கிறது. இன்ஜின் தட்டினால் கண்டுபிடித்துச் சரிக்கட்ட வைக்கும் நாக் சென்சாரும் இருக்கிறது. தினசரி ஓட்டத்துக்குச் சாதாரண பெட்ரோலே போதும்.

எனக்குக் கவலை பழைய ஃப்யூல் ஹோஸ்களும், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மூடிப் போட்டு வைக்கும் மாதங்களும்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதிகம் இழுத்தால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை கொல்லங்கோடு வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள். அது முடியாது என்றால், மூடி வைப்பதற்கு முன் போடும் கடைசி டேங்குக்கு அந்த 100-ஐ வாங்குங்கள், காசு அங்கே வீணில்லை.

விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்துகொண்டிருந்தால் நிதானமாக ஓட்டிக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம். சிமிட்ட ஆரம்பித்தால் அது மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை), உடனே ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதையும் சேர்த்து முடித்துவிடும்.