ஏ.ஜி. கோபன்ஹேகன்: இரண்டே ஆண்டுகள் வாழ்ந்த ஒரு ஹேண்ட்பால் கழகம் (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, ஹேண்ட்பால் என்பது நம் ஊர்க் கைப்பந்துதானா?

பதில்: இல்லை. நாம் கைப்பந்து என்று சொல்வது வாலிபாலை. ஹேண்ட்பால் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள உள்ளரங்கத் தளத்தில், கோல்கீப்பரையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஏழு பேர் 60 நிமிடம் ஆடுவது. பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். இதன் தொடக்ககால விதிகளை 1906இல் வெளியிட்ட ஹோல்கர் நீல்சன் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர். ஆகவே அந்நாட்டு மக்களுக்கு இது தங்கள் வீட்டுப் பிள்ளை போன்ற விளையாட்டு.

கேள்வி: ஏ.ஜி. கோபன்ஹேகன் எப்படித் தோன்றியது? பெயரில் உள்ள 'ஏ.ஜி.' எதைக் குறிக்கிறது?

பதில்: டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு மேற்கே அடுத்தடுத்து அமைந்துள்ள ஆல்பர்ட்ஸ்லுண்ட், குளோஸ்ட்ரப் என்னும் இரு ஊர்களின் முதலெழுத்துகள் அவை. அவ்வூர்களின் கூட்டணியான ஏ.ஜி. ஹேண்ட்பாலும், 2008இல் டென்மார்க் சாம்பியன் பட்டம் வென்றிருந்த தலைநகரக் கழகமான எஃப்.சி.கே. ஹேண்ட்பாலும் 2010இல் ஒன்றிணைந்து இக்கழகம் பிறந்தது. இணைப்பை முன்னின்று நடத்தியவர் நகைத் தொழிலதிபர் யெஸ்பர் நீல்சன். பண்டோரா நகைகளை ஜெர்மனி முதலிய நாடுகளில் விற்கும் உரிமையைப் பெற்றுச் செல்வம் ஈட்டிய அவர், டென்மார்க்கில் வலுவான கழகங்கள் பெரும்பாலும் நாட்டின் மேற்கிலுள்ள யூட்லாந்துப் பகுதியிலேயே இருந்த அந்நாளில், ஐரோப்பாவின் முதல்தர அணி ஒன்றைத் தலைநகரில் உருவாக்க முனைந்தார். அதே காலத்தில் ஜெர்மனியின் ரைன்-நெக்கார் லோவன் கழகத்திலும் அவர் பணம் போட்டிருந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆட்டக்காரர்கள் யார் யார்? உண்மையிலேயே அவ்வளவு சிறந்த அணியா?

பதில்: ஆம், ஐயத்துக்கு இடமில்லாமல். பார்சிலோனாவிலிருந்து மிக்கெல் ஹான்சன் வந்தார். 2011ஆம் ஆண்டுக்கான உலகின் சிறந்த வீரர் விருதை இந்த அணியில் இருந்தபோதே பெற்றார். அவருடன் ரெனே டாஃப்ட் ஹான்சன், யோவாகிம் போல்ட்சன், கோல்கீப்பர் காஸ்பர் ஹ்விட் ஆகியோரும், ஐஸ்லாந்தின் ஆர்னோர் அட்லாசன், ஸ்னோரி குத்யோன்சன் ஆகியோரும் ஆடினர். 2011இல் ஐஸ்லாந்தின் மூத்த மேதை ஓலாஃபர் ஸ்டெஃபான்சனும் சேர்ந்தார். ஆடிய இரண்டு பருவங்களிலும், 2011, 2012 ஆகிய ஆண்டுகளில், நாட்டின் சாம்பியன் பட்டம் இவர்களுக்கே கிடைத்தது. ஐரோப்பியக் கழகங்களுக்கான 2012 சாம்பியன்ஸ் லீக் போட்டியின் காலிறுதியில் பார்சிலோனாவை வெளியேற்றிவிட்டு, கொலோன் நகரில் நடந்த இறுதி நால்வர் சுற்றுக்குச் சென்றார்கள். அரையிறுதியில் அட்லெட்டிகோ மாட்ரிட்டிடம் தோற்று மூன்றாம் இடத்தோடு திரும்பினார்கள். ஆனால் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது கோப்பைகள் அல்ல, 2011 மே 21ஆம் நாள்தான். அன்று கோபன்ஹேகனின் பார்க்கென் கால்பந்து அரங்கில் ஹேண்ட்பால் தளம் விரித்து, ப்யெரிங்ப்ரோ-சில்கெபோர்க் அணிக்கு எதிரான சாம்பியன் பட்ட இறுதிப் போட்டியை நடத்தினார்கள். சில ஆயிரம் பேர் கூடினாலே நிறைந்துவிடும் கூடங்களில் ஆடப்பட்டுவந்த விளையாட்டுக்கு அன்று 36,651 பேர் வந்தார்கள். கழக அளவிலான ஹேண்ட்பாலில் அதுவரை உலகில் எங்கும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. ஒரு தனிமனிதரின் பணம் ஆட்டக்காரர்களை வாங்கியிருக்கலாம்; அந்த மக்களை வாங்கியிருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: அப்படியானால் ஏன் வீழ்ந்தது?

பதில்: வரவு எவ்வளவு பெருகினாலும், அத்தகைய ஆட்டக்காரர்களின் ஊதியத்தை நுழைவுச்சீட்டு வருமானத்தாலும் உள்ளூர் விளம்பரதாரர்களாலும் மட்டும் தாங்க முடியாத அளவுக்குச் செலவு இருந்தது. நீல்சனின் பணமே அந்தப் பள்ளத்தை நிரப்பியது. 2012 கோடையில் அவர் விலகியபோது அவ்விடத்தை நிரப்ப எவரும் முன்வரவில்லை. சாம்பியன் பட்டம் வென்று சில மாதங்களே ஆன நிலையில், 2012 ஜூலை இறுதியில் கழகம் திவாலானது. அப்போது லண்டன் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. மிக்கெல் ஹான்சனும் ஓலாஃபர் ஸ்டெஃபான்சனும் அங்கே தத்தம் நாடுகளுக்காக ஆடிக்கொண்டிருந்தபோதே அவர்களுடைய கழகம் இல்லாமல் போயிற்று. இதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: ஆட்டக்காரர்களின் கதி என்னவாயிற்று?

பதில்: பெரிய பெயர்களுக்கு இடம் கிடைக்கத் தாமதமாகவில்லை. மிக்கெல் ஹான்சன், கத்தார் முதலீட்டாளர்கள் அப்போதுதான் வாங்கியிருந்த பாரிஸ் அணிக்குச் சென்றார். ஆர்னோர் அட்லாசன் ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பூர்க் அணியில் சேர்ந்தார். ரெனே டாஃப்ட் ஹான்சன் அதே நாட்டின் கீல் அணிக்குப் போனார்.

கேள்வி: தலைநகரில் அதன் இடத்தை யாராவது பிடித்தார்களா?

பதில்: யூட்லாந்தின் பழம்பெரும் கோல்டிங் கழகம் 2012இல் கே.ஐ.எஃப். கோல்டிங் கோபன்ஹேகன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தலைநகரிலும் ஆட்டங்களை நடத்தியது. 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் சாம்பியனும் ஆனது. ஆயினும் இரு ஊர்களுக்கு நடுவே நின்ற அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் பெயரிலிருந்த கோபன்ஹேகனை நீக்கிவிட்டுக் கோல்டிங்கிற்கே திரும்பிவிட்டார்கள்.

கேள்வி: பார்க்கென் அரங்கின் சாதனை இன்னும் நிற்கிறதா?

பதில்: இல்லை. 2014 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கால்பந்து அரங்கில் ரைன்-நெக்கார் லோவனும் ஹாம்பர்க்கும் மோதிய ஆட்டத்துக்கு 44,189 பேர் வந்து அதை முறியடித்தார்கள். நீல்சன் ஒருகாலத்தில் பணம் போட்டிருந்த அதே லோவன்தான் அது.